வால்வு மேல் பழி போடாதீங்க

தோட்டத்துச் சாளையின் அட்டாலியிலிருந்து அப்பாரு காலத்து ரேடியோவை இறக்கும் வீடுகளில் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். துணியால் ஒரு துடைப்பு. பிளக்கை நேராகச் சுவரில் செருகி, "எரியுதான்னு பாக்கலாம்" என்று ஒரு திருப்பு. டயல் விளக்கு எரியும். அரை நிமிடத்தில் உறுமல் கிளம்பும். இன்னும் ஒரு நிமிடத்தில் தார் உருகுகிற நாற்றம் வரும். நாற்பது வருடம் சும்மா கிடந்தபோது ஆகாத சேதம் அந்த இரண்டு நிமிடத்தில் ஆகிவிடும். கடைசியில், "வால்வு போயிருச்சுங்க, இப்ப எங்க கிடைக்குது?" என்று பெட்டி மறுபடியும் அட்டாலிக்கே ஏறும்.

பல்பு மாதிரிக் கண்ணாடிக்குள் ஒளிரும் அந்த வால்வு அவ்வளவு சீக்கிரம் போகிற பொருளில்லை. கெட்டுக் கிடப்பது பெரும்பாலும் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் காகிதக் கண்டென்சர். வால்வைக் கெடுப்பதும் அதுதான். பிலிப்ஸ், மர்பி, புஷ், எச்எம்வி என்று எந்தப் பெயர் போட்ட பெட்டியானாலும், ஐந்து வால்வு செட்டுக்குள் இருக்கும் கதை ஒன்றே. வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் செட் பிழைப்பது இருக்கிறது.

பிளக்கைத் தொடாமல் முதலில் பின்பலகையைக் கழற்றி வால்வு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இசிஎச்81, இபிஎஃப்89, இபிசி81, இஎல்84, இஇசட்80 என்று 'இ'யில் தொடங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஏசி செட். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழை எல்லாம் 6.3 வோல்ட். யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85 என்று 'யு'வில் தொடங்கினால் ஏசி/டிசி செட். அதில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஹீட்டர்கள் சரவிளக்கு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக 100 மில்லிஆம்பியரில் ஓடும். மேலே சொன்ன நான்குக்கும் 19, 19, 50, 38 என்று கூட்டினால் 126 வோல்ட். 230-இல் மீதி 104 வோல்ட்டைத் தின்பது டிராப்பர் என்கிற பெரிய ஒயர்வவுண்ட் ரெசிஸ்டன்ஸ். ஏறக்குறைய 1,040 ஓம். அது 10 வாட்டுக்கு மேல் சுடும், அதைச் சுற்றி அட்டை கருகியிருந்தால் ஆச்சரியமில்லை.

ஏசி/டிசி செட்டில், உறுப்புகளைப் பூட்டிய இரும்புத் தட்டான சேஸ் நேராக லைனின் ஒரு காலோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸ் முழுக்க 230 வோல்ட். குமிழ் உடைந்து இரும்புத் தண்டு வெளியே தெரிந்தாலோ, குமிழின் பக்கவாட்டுத் திருகை மூடிய மெழுகு உதிர்ந்திருந்தாலோ, சத்தம் கூட்டப் போகிற குழந்தைக்கு அடிக்கும். லைனிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்தச் செட்டில் கை வைக்கக் கூடாது. மோட்டார்ப் பட்டறைகளில் டிம்மர்ஸ்டாட் என்று சொல்கிற வேரியாக் இதற்கு மாற்றாகாது. வோல்டேஜைக் குறைக்குமே தவிர லைனிலிருந்து பிரிக்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் 'இ' வரிசையோடு தொடங்குங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

சுத்தம் செய்வதில் நம்ம கோவைப் பக்கத்துக்கென்று சில தொல்லைகள் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பஞ்சு, ஸ்டேஷன் மாற்றும் கேங் கண்டென்சரின் தகடுகளுக்குள் மெத்தை மாதிரி உட்கார்ந்திருக்கும். பொள்ளாச்சி, உடுமலையில் கணவாய்க் காற்றோடு வரும் புழுதி. வால்பாறை எஸ்டேட் செட்டுகளில் துருவும் பூஞ்சையும். எங்கேயும் பல்லி முட்டை. காய்ந்த ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷும் சைக்கிள் பம்ப்பும் போதும். தண்ணீர் வேண்டாம். கேங்கின் தகட்டை எதைக் கொண்டும் நெம்பாதீர்கள்; முடி கனம் வளைந்தால் டயலில் ஸ்டேஷன் இடம் மாறிவிடும். வால்வைப் பிடுங்காமல், லேசாக ஆட்டி ஆட்டி மேலே எடுங்கள். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசியது போலப் பளபளப்பாக இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. கண்ணால் பார்த்தே வால்வின் மேல் பழி போடலாம் என்றால் இந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: ஐஎஃப்டி என்கிற இடையலைவரிசை (ஐஎஃப்) காயில் டப்பாவின் உச்சியில் தெரியும் கோர், டிரிம்மர் திருகு எதையும் இப்போது திருகாதீர்கள். "லூசா இருக்கு" என்று யாரோ இறுக்கி வைத்த செட்டைச் சரிசெய்ய, கெட்டுப்போன செட்டைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

அடுத்து, மின்சாரம் கொடுக்காமலே மீட்டரில் சில அளவுகள். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி சில பத்து ஓம் காட்ட வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி 300 முதல் 600 ஓம், செகண்டரி ஒரு ஓமுக்கும் கீழே. எச்டி என்கிற உயர் வோல்டேஜ் லைனுக்கும் சேஸுக்கும் இடையில் முள் ஏறி ஏறி 50 கிலோ ஓமைத் தாண்டி நிற்க வேண்டும். சில நூறு ஓமில் நின்றுவிட்டால் எலக்ட்ரோலைடிக் கண்டென்சர் ஷார்ட். பின்னால் வோல்டேஜ் மாற்றுகிற திருகோ தகடோ இருக்கும். 220-இல் இருந்தால் 245-க்கு மாற்றிவிடுங்கள். பகலில் மோட்டார்கள் ஓடும்போது இறங்குகிற கரண்ட், ராத்திரி தோட்டங்களில் மோட்டார் நின்றதும் 250-ஐத் தொடும் ஊர்கள் நிறைய உண்டு.

இப்போது கண்டென்சர். பழைய செட்டில் நான்கு சாதி. மைக்கா, செராமிக் இரண்டையும் தொட வேண்டாம், நன்றாகத்தான் இருக்கும். மெழுகோ தாரோ பூசிய காகிதக் கண்டென்சர் அத்தனையும் மாற்ற வேண்டும், சந்தேகமே வேண்டாம். எலக்ட்ரோலைடிக்கும் அப்படியே.

எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை என்றால் ஒன்றையாவது மாற்றுங்கள்: முதல் ஆடியோ வால்வான இபிசி81-இன் ஆனோடிலிருந்து, ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84-இன் 2-ஆம் பின்னுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர். 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட் இருக்கும். அது என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருபக்கம் 90 வோல்ட் டிசி. மறுபக்கம் வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட், அங்கிருந்து சேஸுக்கு 470 கிலோ ஓம். கண்டென்சர் நன்றாக இருந்தால் டிசி கடக்காது, கிரிட்டில் பூஜ்யம். காகிதம் ஈரம் குடித்து அதன் இன்சுலேஷன் 10 மெகா ஓமுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். 90 × 0.47 ÷ 10.47, கிரிட்டில் 4 வோல்ட் பாசிட்டிவ். சரியான நிலையில் இஎல்84-இல் எலக்ட்ரான் புறப்படும் கேத்தோடில் 7 வோல்ட் சொச்சம் இருந்து, வால்வு 53 மில்லிஆம்பியர் இழுக்கும். இந்த 4 வோல்ட் ஏறியதும் அது 70-ஐத் தாண்டுகிறது. எலக்ட்ரான் போய்ச் சேரும், 12 வாட் தாங்குகிற ஆனோடு 14 வாட்டுக்கு மேல் சுடுகிறது. வால்வு சிவக்கிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேகிறது, ஏசியை டிசியாக்கும் இஇசட்80 திணறுகிறது. சில ரூபாய்க் கண்டென்சர் ஒன்று மூன்று விலையுள்ள உறுப்புகளைத் தின்கிறது. பெட்டி திறந்தவர் கண்ணுக்குத் தெரிவதோ சிவந்த வால்வு.

சாதாரண மீட்டரின் ஓம் அளவில் வைத்து, "கண்டென்சர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது செல்லாது. மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். கசிவு வருவதோ நூறு வோல்ட்டில். ஓடும் செட்டில் கிரிட்டின் வோல்டேஜை அளப்பதுதான் சோதனை. 10 மெகா ஓம் உள்ளீடு உள்ள டிஜிட்டல் மீட்டரை 2-ஆம் பின்னில் வையுங்கள். பூஜ்யத்தைத் தாண்டிப் பாசிட்டிவாக எது காட்டினாலும் கண்டென்சரின் ஒரு காலைக் கழற்றி மறுபடி பாருங்கள். வோல்ட் போய்விட்டால் குற்றவாளி கண்டென்சர். கழற்றிய பிறகும் இருந்தால்தான் வால்வு.

புதிதாகப் போட வேண்டியது 630 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன். 0.01-க்கு 103, 0.02-க்கு 223, 0.05-க்கு 473, 0.1-க்கு 104 என்று மேலே எழுதியிருக்கும். பழைய பிலிப்ஸ் வரைபடத்தில் '10கே' என்று இருந்தால் அது 10,000 பிகோஃபாரட், அதாவது இதே 103. ஸ்டேஷனின் வலுவுக்கு ஏற்பச் சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் ஏவிசி லைனில் இருக்கும் 0.05-ஐ மறந்துவிடாதீர்கள். அது கசிந்தால் தூரத்து ஸ்டேஷன் தெளிவாகவும் பக்கத்து ஸ்டேஷன் கரகரவென்று உடைந்தும் கேட்கும். ஸ்டேஷன் கிடைத்ததும் ஏவிசி லைனில் சில வோல்ட் நெகட்டிவ் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்கேதான் கோளாறு.

மெயின்ஸ் லைனிலிருந்து சேஸுக்குப் போகும் 0.01 இருந்தால் அதற்கு ஒய் வகை என்று முத்திரை போட்ட பாதுகாப்புக் கண்டென்சரே வேண்டும். 630 வோல்ட் டிசி எழுதியது அங்கே ஆகாது. ஸ்டேஷன் வரும்போது மட்டும் உறுமல் சேர்ந்து வந்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் அடங்கிவிட்டால், அது பெரும்பாலும் இந்தக் கண்டென்சர் போனதால்தான். உறுமலை வடிகட்டும் ஃபில்டர் எலக்ட்ரோலைடிக்கை மாற்றி மாற்றிப் பயனில்லை.

எலக்ட்ரோலைடிக், அலுமினிய டப்பாவில் 32+32 அல்லது 50+50 என்று இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றிப் பழைய டப்பாவை உயிர்ப்பிக்கலாம் என்பார்கள். உயிர்க்கும், ஆனால் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. அழகுக்கு டப்பாவை மேலேயே விட்டுவிட்டு, ஒயர்களை அதிலிருந்து முழுக்கக் கழற்றி, சேஸுக்கு அடியில் 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் இரண்டு போடுவதே சரி. பழையதோடு சேர்த்து ஈயம் வைத்தால் பழையதின் கசிவு அப்படியே இருக்கும். "பெரிசாப் போட்டா ஹம் குறையும்" என்று 220 போடுகிறவர்கள் உண்டு. இஇசட்80-க்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் சுவிட்ச் போடும் ஒவ்வொரு தடவையும் அதன் கேத்தோடு அடி வாங்கும்.

ரெசிஸ்டன்ஸ்களில் கார்பன் வகை வயதானால் மேலே ஏறும். 220 கிலோ ஓம் 400 காட்டுவது சகஜம். இபிசி81-இன் ஆனோடில் அது ஏறியிருந்தால் சத்தம் சுருங்கும். எழுதிய அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் போனதை மாற்றுங்கள், மீதியை விடுங்கள்.

முதல் மின்சாரம் சீரிஸ் பல்பு வழியாக. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு ஃபேஸ் லைனில் தொடராக. எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. இழை பல்புதான் வேண்டும். இழை குளிர்ந்திருக்கும்போது 60, 70 ஓம். எரியும்போது 880 ஓம். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, செட்டுக்கு ஒன்றும் போகாமல் தடுத்துக்கொள்ளும். இஇசட்80-ஐக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இந்த நிலையில் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்டர்களும் மட்டும் ஓடும். அரை மணி நேரம் பாருங்கள். பல்பு மங்கலாக, டிரான்ஸ்ஃபார்மர் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. பல்பு பளிச்சென்று எரிந்தால் சுற்றுக்குள் ஷார்ட், அங்கேயே நிறுத்துங்கள். பிறகு இஇசட்80-ஐச் செருகி, 100 வாட் பல்புக்கு மாறி, கடைசியில் நேர் லைன்.

அளக்க வேண்டிய இடங்கள் அதிகமில்லை. இஇசட்80-இன் 3-ஆம் பின்னில் 250 முதல் 280. இஎல்84-இன் 7-ஆம் பின் அதைவிடப் பத்திருபது குறைவு. கேத்தோடு 3-ஆம் பின்னில் 7 வோல்ட். அங்கே இருக்கும் ரெசிஸ்டன்ஸ் 130 முதல் 150 ஓம். வோல்ட்டை அதால் வகுத்தால் வால்வு இழுக்கும் கரண்ட். எச்டி சரியாக, கிரிட் பூஜ்யமாக இருந்தும் கேத்தோடில் 4 வோல்ட்தான் என்றால், இப்போது சொல்லலாம், வால்வு தளர்ந்துவிட்டது என்று. வால்வு டெஸ்டர் தேடி அலைய வேண்டாம், செட்டே டெஸ்டர்தான். மாற்றாக பெல் முத்திரை போட்ட இஎல்84 கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தது, நல்ல சரக்கு.

சேஸுக்குள் வேலை செய்யும்போது ஒரு கை பாக்கெட்டில். சுவிட்சை அணைத்ததும் ஃபில்டர் கண்டென்சரை 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் வழியாகக் காலி செய்யுங்கள். ஸ்குரூடிரைவரால் நேராக ஷார்ட் செய்வது வீரம் இல்லை, கண்டென்சருக்கும் கேடு.

7-ஆம் பின்னில் வோல்ட்டே இல்லை, ஆனால் வால்வுக்குள் ஸ்கிரீன் கம்பிச் சுருள் செக்கச் சிவந்து எரிகிறது என்றால் உடனே அணையுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்திருக்கிறது. இங்கேதான் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு வசதி. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு என்று எங்கே திரும்பினாலும் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. காப்பர் ஒயர், லெதராய்டு பேப்பர், வார்னிஷ் எல்லாம் அவர்களிடமே இருக்கும். இஎல்84-க்கு 5,000 ஓம், ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் சுற்று விகிதம் 1,250-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 35. நடுக்கால் ஓர் அங்குலம், அடுக்கு ஓர் அங்குலம் உள்ள கோருக்கு பிரைமரி 38 கேஜில் 3,000 சுற்று, செகண்டரி 24 கேஜில் 85 சுற்று. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் மெல்லிய காகிதம். சுற்றி முடித்தால் பிரைமரி 400 ஓம் அளவுக்கு வரும்.

சொல்லாவிட்டால் பட்டறைக்காரர் நிச்சயம் செய்யும் தவறு ஒன்று: கோர்த் தகடுகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் செருகுவார். ஸ்டெபிலைசருக்கும் பேட்டரி சார்ஜருக்கும் அதுதான் முறை. இதில் பிரைமரி வழியாக டிசி ஓடுவதால் அப்படிச் செய்தால் கோர் தெவிட்டிப்போய், தாழ்ந்த குரல் எல்லாம் செத்துவிடும். ஈ வடிவத் தகடு எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடு எல்லாம் மறுபக்கம், நடுவில் 0.1 மில்லிமீட்டர் காகிதம் ஒன்று. "இப்படியா? உறுமுமேங்க" என்பார். உறுமாது, நன்றாக இறுக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஊமையாக இருந்தால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை, கைப்பிடி இன்சுலேஷன் உள்ள மெல்லிய ஸ்குரூடிரைவரின் இரும்பில் விரல் பட, தொட்டால் 'உர்ர்' என்று வர வேண்டும். நடுக்காலில் எச்டி இல்லை என்று மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். வந்தால் ஆடியோப் பகுதி சரி. ஐஎஃப் வரை சரி, ஸ்டேஷன் மட்டும் இல்லை என்றால் ஸ்டேஷன் அலையோடு கலக்கச் செட்டே உண்டாக்கும் அலை, அதாவது லோக்கல் ஆஸிலேட்டர் ஓடுகிறதா பாருங்கள். அதற்கு ஆசிலோஸ்கோப் தேவையில்லை. ஓடுகிற டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைப் பக்கத்தில் வைத்து 1,454 கிலோஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். பழைய செட்டின் முள்ளை 999-ஐச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் டிரான்சிஸ்டரின் இரைச்சல் சட்டென்று அடங்கினால் ஆஸிலேட்டர் உயிரோடு இருக்கிறது. 999-உடன் ஐஎஃப் 455 சேர்ந்தால் 1,454. அடங்கும் இடம் 999-ஐ விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு டயல் விலகியிருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஐஎஃப்டி கோரைத் தொட வேண்டியிருந்தால் இப்போதுதான். ஐஎஃப் பெரும்பாலும் 455. ஐரோப்பியப் பிலிப்ஸில் 452, பிரிட்டிஷ் செட்டுகளில் 465, 470 என்றும் உண்டு. சேஸிலோ வரைபடத்திலோ பார்க்காமல் கை வைக்காதீர்கள். சிக்னல் ஜெனரேட்டரை 0.01 கண்டென்சர் வழியாக இசிஎச்81-இன் 2-ஆம் பின்னுக்குக் கொடுத்து, ஸ்பீக்கரின் குறுக்கே ஏசி மீட்டர் வைத்து, கடைசி ஐஎஃப்டியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். சிக்னல் காதுக்கு மெல்லக் கேட்கிற அளவே போதும். கூட்டினால் ஏவிசி குறுக்கிட்டு உச்சம் எங்கே என்பதை மறைத்துவிடும். இரும்பு ஸ்குரூடிரைவர் கோரின் அளவையே மாற்றும், கோரையும் உடைக்கும். நன்றாகக் காய்ந்த மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள், கடையில் விற்கும் பிளாஸ்டிக்கைவிட அது மேல். பிறகு ஆஸிலேட்டர், ஆன்டெனா காயில்கள்: 600 கிலோஹெர்ட்ஸில் கோர், 1,400-இல் டிரிம்மர். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதால் மூன்று நான்கு தடவை போய்வர வேண்டும்.

ஜெனரேட்டர் இல்லாதவர்களுக்கு டயலில் அடையாளக் கற்கள் உண்டு: பெங்களூர் 612, திருச்சூர் 630, சென்னை 720, திருச்சி 936, கோயம்புத்தூர் 999. ஆகாசவாணி மீடியம்வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் சிலவற்றை நிறுத்திவருவதால், அந்த ஸ்டேஷன் இன்று ஒலிக்கிறதா என்று முதலில் டிரான்சிஸ்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத ஸ்டேஷனுக்காக இருக்கிற கோரைத் திருகிக் கெடுத்தவர்கள் உண்டு.

செட் சரியான பிறகும் இரைச்சல் மட்டும் போகாது. அது செட்டின் குற்றமில்லை. எல்ஈடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார். இவை எல்லாம் மீடியம்வேவில் கத்தும். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரைக் கையில் பிடித்து ஒவ்வொரு பிளக்காகப் போனால் எது கத்துகிறது என்று தெரிந்துவிடும். வெளியே இரண்டு தென்னைகளுக்கு நடுவே 12, 15 மீட்டர் காப்பர் ஒயர், இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர் வைத்துக் கட்டினால், வீட்டின் இரைச்சலிலிருந்து விலகிய சிக்னல் வரும். எர்த்துக்கு இரும்புக் கேசிங் போட்ட போர்வெல் இருந்தால் அதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் அதே பைப்பில் மோட்டார் எர்த்தும் கட்டியிருந்தால் தள்ளித் தனிக்கம்பி அடியுங்கள். ஏசி/டிசி செட்டின் சேஸில் எர்த் ஒயரை ஒருபோதும் கட்டாதீர்கள். ஃபியூஸ் போவது நல்ல அதிர்ஷ்டம், வேறேதும் நடக்கலாம். சித்திரை மழைக்கு இடி உறுமத் தொடங்கினால் ஏரியல் ஒயரைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

பெட்டிக்குள் ஏற்றும் முன் சேஸை மேசைமேல் நான்கு மணி நேரம் விடாமல் ஓடவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் இஎல்84-இன் கேத்தோடைப் பாருங்கள், தொடக்கத்தில் 7.2 இருந்து நான்காம் மணியில் 7.4 என்றால் சரி, 9-ஐ நோக்கி ஏறினால் எங்கோ இன்னும் கசிகிறது. அணைத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மரில் கை வைத்தால் பத்து நொடி தாங்க வேண்டும். பின்பலகையின் ஓட்டைகளைச் சுவர் அடைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். மேலே போர்த்தியிருந்த குரோஷா துணியை டிவிக்குப் போட்டுக்கொள்ளலாம்.